சிறு மண் அணைகளும் வெள்ளத் தடுப்பும்: மூசி வடிநிலத்தின் அனுபவம்

ஹைதராபாத்திலிருந்து வாரங்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உப்பலைத் தாண்டும்போது சாலையோரத்தில் ஓர் ஏரி தென்படும். அதன் பெயர் நல்ல செருவு. தமிழர் காதில் இப்பெயர் நல்லதோர் ஏரி என்று ஒலிக்கும். ஆனால் தெலுங்கில் ‘நல்ல’ என்பது கருமையைக் குறிக்கும் சொல். கரிய ஏரி என்பதே அதன் பொருள். தெலங்கானாவில் இப்பெயருடைய ஏரிகள் பல உள்ளன. இந்த ஏரியைத் தாங்கி நிற்பது மண்ணால் எழுப்பிய ஒரு கரை. வழிப்போக்கர் அதனை அணை என்று எண்ணுவதில்லை. ஆனால் பொறியியல் நோக்கில் அது ஓர் அணைதான். ஓடும் நீரின் குறுக்கே நின்று, அதைத் தடுத்து, தேக்கி, மிகுதியை ஒரு வழியே வெளியேற்றுகிற எதுவும் அணையே ஆகும். தமிழகத்து ஏரிகளும் கண்மாய்களும், தெலங்கானாவின் செருவுகளும் குண்டங்களும், இலங்கையின் வறண்ட வலயத்துக் குளங்களும் இவ்வகையில் சிறு மண் அணைகளே.

இத்தகைய அணைகளைப் பற்றிப் பேசும்போது பாசனமே முதலில் நினைவுக்கு வருகிறது. அவற்றின் மற்றொரு பணி வெள்ளத்தைத் தணிப்பது. ஊரக வெள்ளத் தடுப்புக்குச் சிறு மண் அணைகள் எவ்வளவு பயன்படும், எந்த நிலையில் அவையே வெள்ளத்துக்குக் காரணமாகும் என்னும் இரு வினாக்களும் ஒன்றையொன்று பிரியாதவை. இரண்டுக்கும் விடை தேட மூசி ஆற்றின் வடிநிலத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் இந்தியாவில் அரிது.

1908ஆம் ஆண்டு வெள்ளம்

மூசி ஆறு விகாராபாத் அருகே அனந்தகிரிக் குன்றுகளில் தோன்றுகிறது. ஹைதராபாத் நகருக்கு மேற்கே ஈசி ஆறு அதனுடன் கலக்கிறது. நகரை ஊடுருவிச் சென்று, உப்பலுக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடி, இறுதியில் கிருஷ்ணையில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் சிற்றாறாகவே காணப்படும் இது 1908 செப்டம்பர் 28ஆம் நாள் ஹைதராபாத் நகரை அழித்தது. ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மீது ஏறிய ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரம் நெடுங்காலம் நினைவுச் சின்னமாகப் போற்றப்பட்டு வந்தது.

அடுத்த ஆண்டு நிஜாம் அரசின் அழைப்பின் பேரில் எம். விசுவேசுவரய்யா வந்து ஆய்வு நடத்தினார். அவர் தொகுத்த விவரங்களில் மூன்று இன்றும் கவனத்துக்குரியவை. முதலாவது, மழை. ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும் 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் பெய்திருந்தது. இரண்டாவது, ஆற்றில் வந்த நீரின் உச்ச அளவு. அது நொடிக்கு 4,25,000 கன அடி என மதிப்பிடப்பட்டது. மூன்றாவது விவரமே இந்த உரையின் பொருளுக்கு நெருக்கமானது. நகருக்கு மேலே 862 சதுர மைல் பரப்பில் 788 ஏரிகள் இருந்தன. அதாவது, ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்கு ஓர் ஏரி. அவற்றுள் 221 ஏரிகள் அந்த மழையில் உடைந்தன.

நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒரே மழையில் உடைந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு அணைகள் வெள்ளத்தைத் தடுக்கும் என்பது பொது விதியானால், சதுர மைலுக்கு ஓர் அணை வீதம் அமைந்த வடிநிலம் உலகிலேயே மிகப் பாதுகாப்பானதாக இருந்திருக்க வேண்டும். அவ்வாறு ஏன் அமையவில்லை?

தணிக்கும் முறை

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புக்குக் கீழே ஒரு சிறு மண் அணை இருப்பதாகக் கொள்வோம். அப்பரப்பில் 3 மணி நேரத்தில் 10 செ.மீ. மழை பெய்து, அதில் பாதி நிலத்தில் ஊறிவிட, மீதிப் பாதி ஓடி வருகிறது. ஓடி வரும் நீர் 50,000 கன மீட்டர். அது சீராக வந்தாலும் நொடிக்கு 4.6 கன மீட்டர். சிற்றூரின் ஓடைக்கு இது பெருவெள்ளம்.

அணை காலியாக இருந்து, அதன் அடியில் நொடிக்கு ஒரு கன மீட்டர் மட்டும் வெளியேற்றும் குழாய் ஒன்று திறந்தபடி இருந்தால், அந்த 3 மணி நேரத்தில் ஏறத்தாழ 10,800 கன மீட்டர் வெளியேறும். எஞ்சிய 39,200 கன மீட்டர் அணையில் தங்கும். மழை நின்ற பிறகு அது 11 மணி நேரம் அமைதியாக வடிந்து போகும். கீழேயுள்ள ஊர் நொடிக்கு 4.6 கன மீட்டருக்குப் பதிலாக ஒரு கன மீட்டரையே காணும். வெள்ளத்தின் மொத்த அளவு குறையவில்லை. அதன் உச்சம் வெட்டப்பட்டு, காலம் நீட்டப்பட்டது. வெள்ளத் தடுப்பு என்பதன் முழுப் பொருளும் இதுவே.

இப்போது அதே அணை மழைக்கு முன்பே கலிங்கின் மட்டம் வரை நிரம்பியிருந்ததாகக் கொள்வோம். வரும் நீர் ஏறத்தாழ முழுவதும் கலிங்கின் வழியே வெளியேறிவிடும். நீர்ப்பரப்பு சற்று உயர்வதால் சிறிதளவு தணிப்பு கிட்டும், அவ்வளவே. கரை, மதகு, கலிங்கு யாவும் முன்போலவே இருக்கின்றன. காலி இடம் மட்டும் இல்லை. வெள்ளத்தைத் தடுப்பது அணைக்குள் இருக்கும் காலி இடமே. அணை அந்த இடத்துக்குச் சுவர் மட்டுமே.

1908இல் நேர்ந்ததும் இதுதான். தென்மேற்குப் பருவமழையின் இறுதியான செப்டம்பர் கடைசி வாரத்தில் ஏரிகள் நிரம்பியிருப்பதே இயல்பு. உழவர் விரும்புவதும் அதனையே. ஏரி நிரம்பி வழிவதைத் தெலுங்கு நாட்டில் அலுகு பாய்வது என்றும், தெலங்கானாவில் மத்தடி பாய்வது என்றும் கூறி மகிழ்வர். தமிழகத்தில் மறுகால் போவதைக் காண ஊர் திரண்டு வருவது போன்றதே அது. அந்த மகிழ்ச்சிக்குரிய வாரத்திலேயே பெருமழை வந்தது.

தொடரும் உடைப்பு

தக்காண மேட்டுநிலத்து ஏரிகள் தனித்து நிற்பவை அல்ல. மேல் ஏரியின் உபரிநீர் அடுத்த ஏரிக்கும், அதன் உபரி அதற்கடுத்த ஏரிக்கும் செல்லும். தெலுங்கில் இதனைச் சங்கிலி ஏரிகள் என்னும் பொருளில் ‘கொலுசுகட்டு செருவுலு’ என்பர். காகதியர் காலத்தில் எழுந்த ராமப்பா, பாக்கால், லக்னவரம் போன்ற பேரேரிகளைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிற்றேரிகள் இவ்வாறு பிணைந்திருந்தன. ஒரு துளியும் வீணாகாமல் பயன்படுத்தும் இந்த ஏற்பாடு வறண்ட நிலத்தின் பேரறிவு.

எனினும் பிணைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. மேல் ஏரி உடையுமானால், பல நாள் மழையில் சேர்ந்த நீர் சில நிமிடங்களில் கீழ் ஏரியில் வந்து விழும். கீழ் ஏரியின் கலிங்கு தன் சொந்த நீர்ப்பிடிப்பின் வெள்ளத்துக்காக அமைந்தது. மேல் ஏரி முழுவதையும் விழுங்க அமைந்ததன்று. அது கரையைத் தாண்டி வழியும்; மண் கரை அதனைத் தாங்காது. இரண்டு ஏரிகளின் நீர் மூன்றாவதை நோக்கிச் செல்லும். 221 என்னும் எண்ணை இந்த வரிசையில் வைத்தே படிக்க வேண்டும். அவை அனைத்தும் மழையால் மட்டும் உடைந்தவை என்று கொள்வதற்கில்லை. ஏரியை ஏரியே உடைத்ததும் உண்டு.

விசுவேசுவரய்யா கண்ட தீர்வு, நகருக்கு மேலே இரு ஆறுகளிலும் பெரிய தேக்கங்களை எழுப்பி, வெள்ளத்துக்கென இடம் ஒதுக்கி, கதவுகளால் கட்டுப்படுத்துவது. மூசியின் மீது உஸ்மான் சாகர் 1920இலும், ஈசியின் மீது ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன. பின்னர் அவை நகரின் குடிநீர் ஆதாரங்களாயின. குடிநீருக்கு நிரம்பிய தேக்கம் வேண்டும். வெள்ளத்துக்குக் காலியான தேக்கம் வேண்டும். உழவருக்கும் வெள்ளத்துக்கும் இடையே சிற்றேரிகளில் இருந்த அதே முரண்பாடு பெரிய அளவில் மீண்டும் தோன்றியது. 2025 செப்டம்பர் இறுதியில் இவ்விரு தேக்கங்களிலிருந்தும் நீர் திறக்கப்பட்டபோது ஹைதராபாத்தின் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் மூசி புகுந்தது.

பெரிய தேக்கங்கள் நகரைக் காத்தன. அவற்றுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் இருந்த நூற்றுக்கணக்கான சிற்றேரிகளின் நிலை பழையபடியே இருந்தது. ஊரக வெள்ளத் தடுப்பு என்று பேசும்போது கவனம் செல்ல வேண்டிய இடம் அதுவே.

மண் அணையின் உடற்கூறு

சிறு மண் அணையை எளிய பணி என எண்ணுவது தவறு. கல் அணை தன்மீது நீர் வழிந்தாலும் சில நேரம் நிற்கும். மண் அணையின் மேல் வழியும் நீர் வெளிச்சரிவை அரித்து, அரிப்பு மேல்நோக்கி ஏறி, கரையின் உச்சியை அறுத்துவிடும். வெளியே அரிப்பு இல்லாமலே உள்ளே அழிவு நிகழ்வதும் உண்டு. கரையின் ஊடே கசியும் நீர் மண் துகள்களைச் சுமந்து வெளியேறத் தொடங்கினால், வெளிச்சரிவின் அடியிலிருந்து உள்நோக்கி ஒரு துளை வளரும். நீர் தெளிவாகக் கசிந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. கலங்கி வந்தால் கரை கரைகிறது என்று பொருள். ஏரிக்கரையில் பழகிய முதியவர்கள் கசிவின் அளவைக் காட்டிலும் அதன் நிறத்தையே முதலில் நோக்குவர். பாடநூல் கூறுவதும் அதுவே.

நீர் கசியாத மண் அணை கிடையாது. கசிவை எங்கே வெளியே விடுவது என்பதே வடிவமைப்பு. கரையின் அடியில் கடினநிலம் வரை அகழி வெட்டிக் களிமண்ணால் நிரப்புவது, நடுவில் களிமண் உள்ளீடு அமைப்பது, வெளிச்சரிவின் அடியில் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி இடுவது ஆகிய மூன்றும் இதற்கானவை. வடிகட்டி நீரை விடும், மண்ணை விடாது. இத்துகள் விகிதங்களுக்கு அறிவியல் அடிப்படை தந்தவர் மண் பொறியியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி. பழைய ஏரிக்கரைகளில் இவ்வடிகட்டி இல்லை. பல நூற்றாண்டுகள் படிந்த வண்டலே பல இடங்களில் அவற்றைக் காத்து வந்தது. தூர் வாரும்போது உள்வாயை ஒட்டிய வண்டலை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டால், வாராத காலத்தில் கசியாத கரை வாரிய பின் கசியத் தொடங்கும். தூர் வாரும் பணிகளை மேற்பார்வையிடும் அலுவலர்கள் கரையின் அடியிலிருந்து போதிய தொலைவு விட்டே தோண்ட அனுமதிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இது.

மண்ணின் தேர்விலும் கவனம் தேவை. ஹைதராபாத்தைச் சுற்றிய நிலம் கருங்கல் பாறையின் மேல் அமைந்தது. மேட்டில் செம்மண்ணும், தாழ்வில் கரிசல் மண்ணும், இடையில் பாறை சிதைந்த மொரமும் கிடைக்கும். கரிசல் நீரைத் தடுக்கும். ஆனால் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வீங்கும். கோடையில் வெடித்த கரிசல் கரையில் முதல் மழையின் நீர் வெடிப்பு வழியே உட்புகும். ஆகவே கரிசலை உள்ளே வைத்து, மொரத்தையும் செம்மண்ணையும் மேலே போர்த்துவதே தகுந்த முறை. மண்ணை 15 முதல் 20 செ.மீ. படலங்களாக இட்டு, அளவான ஈரத்தில் இறுக்க வேண்டும். ஈரம் குறைந்தாலும் மிகுந்தாலும் இறுக்கம் குறையும் என்பதை 1933இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் சோதனை முறையாக வகுத்தார். அதற்கு முன் இந்நாட்டில் மனிதரும் மாடுகளும் மிதித்தே கரைகளை இறுக்கினர். வறட்சி நிவாரணப் பணியாகக் கோடையில் காய்ந்த மண்ணைக் கொட்டி எழுப்பப்படும் கரை முதல் பெருமழையில் அமிழ்ந்து போவதற்குக் காரணம் தொழிலாளரின் குறை அன்று. போதிய நீர் தெளிக்காமல் வேலை முடிக்கப்பட்டதே.

இவை அனைத்தும் சரியாக அமைந்தாலும் கலிங்கு போதாவிட்டால் பயனில்லை. கலிங்கின் நீளத்தை முடிவு செய்ய எவ்வளவு வெள்ளம் வரும் என்று அறிய வேண்டும். சிறு ஓடைகளில் அளவீடு இருப்பதில்லை; ஆதலால் நீர்ப்பிடிப்பின் பரப்பிலிருந்து வெள்ளத்தைக் கணிக்கும் வாய்பாடுகள் தோன்றின. சென்னை மாகாணத்துக்கு ரைவ்ஸ் வகுத்தது ஒன்று. ஹைதராபாத் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த அலி நவாஸ் ஜங் பெயரால் தக்காணத்துக்கு வழங்குவது மற்றொன்று. அவரது பிறந்த நாளான ஜூலை 11 தெலங்கானாவில் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவ்வாய்பாடுகள் யாவும் கடந்த வெள்ளங்களின் பிழிவு. அவற்றைக் காட்டிலும் பெரிய மழை வாராது என்னும் உறுதியை அவை தருவதில்லை. மேலும், விளைநிலமாக இருந்த நீர்ப்பிடிப்பு தார்ச் சாலையும் கான்கிரீட் கூரையுமாக மாறிவிட்டால், ஊறிய பாதி மழையும் ஓடி வரும். வாய்பாட்டில் பரப்பு மாறாது, வெள்ளம் மாறிவிடும்.

கலிங்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றின் இடைவெளியில் மண்ணும் வைக்கோலும் இட்டு அடைத்து, மேலும் சிறிது நீரைத் தேக்குவது வழக்கம். கலிங்கு வழியே செல்லும் நீர் அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இல்லை. 60 செ.மீ. உயரத்துக்கு வழிய வேண்டிய கலிங்கை 30 செ.மீ. அடைத்துவிட்டால், அதே மட்டத்தில் வெளியேறும் நீர் பாதியாவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலாகக் குறைந்துவிடும். எஞ்சியது கரையின் மேல் ஏறும். ஒரு முழம் மண் அடைப்பு ஊரையே பறிக்க வல்லது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பல ஏரிகளின் உடைப்புக்குப் பிந்திய விசாரணையில் இந்த ஒரு முழத்தைப் பற்றி எவரும் வாய் திறவாமல் இருப்பதும் உண்டு.

கலிங்கு போதாமையின் விளைவை இந்தியா பெரிய அணைகளிலும் கண்டிருக்கிறது. ஆதிலாபாத் பகுதியில் கடம் அணையின் மண் கரை 1958இல் வெள்ளம் மேல்வழிந்து உடைந்தது. குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணையின் மண் பகுதிகள் 1979 ஆகஸ்டு 11ஆம் நாள் மேல்வழிந்து உடைந்து, மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

காலியாகவே நிற்கும் அணைகள்

வெள்ளத் தடுப்புக்கென்றே சிறு மண் அணைகளைக் கட்டும் முறை அமெரிக்காவில் விரிவாகப் பரவியது. ஒஹாயோ மாநிலத்தில் 1913இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பின் மயாமி ஆற்றுப் படுகையில் 5 மண் அணைகள் 1922க்குள் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றில் கதவுகளே இல்லை. அடியிலுள்ள திறந்த வழியில் ஆறு எப்போதும்போல் ஓடும். வெள்ளம் வரும்போது மட்டும் அணைக்குப் பின்னால் நீர் ஏறி, பின் தானே வடியும். மற்ற நாட்களில் அணைக்குள்ளே பயிர் செய்யலாம். கதவைத் திறக்க ஆள் வேண்டா; திறக்க மறந்ததாகப் பழியும் வாரா.

ஊரக அளவில் இதே கருத்தைச் செயற்படுத்தியது அந்நாட்டு மண் பாதுகாப்புத் துறை. ஒக்லஹோமாவில் வாஷிட்டா ஆற்றின் கிளை ஓடைகளில் 1948இல் முதல் சிறு அணை எழுந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இத்தகைய அணைகள் நாடெங்கும் பெருகி, 11,000க்கு மேலாயின. ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் வண்டல் படிவதற்கு ஓர் இடம். அதற்கு மேல் வெள்ளத்துக்கென ஒதுக்கிய காலி இடம். அதற்கும் மேல், கரையைத் தொடாமல் பக்கத்து இயற்கை நிலத்தில் வெட்டிப் புல் வளர்த்த அவசர வழி. அடியிலுள்ள குழாய் கதவின்றி இயங்கும். நிலத்தை உழவர் விட்டுக் கொடுத்தனர்; கட்டுமானச் செலவை அரசு ஏற்றது; பராமரிப்பை உள்ளூர் அமைப்புகள் ஏற்றன.

அங்கும் ஒரு சிக்கல் தோன்றியது. இவ்வணைகள் பெரும்பாலும் 50 ஆண்டு ஆயுளுக்கெனக் கட்டப்பட்டவை. கட்டிய நாளில் கீழே இருந்தவை புல்வெளிகள். அணை வெள்ளத்தைத் தடுத்ததால் கீழ்நிலம் பாதுகாப்பானது எனக் கருதி மக்கள் வீடு கட்டினர். அணை மாறவில்லை, ஆனால் அது உடைந்தால் இழப்பது புல் அன்று, உயிர். வயலைக் காக்கக் கட்டிய அணை நகரைக் காக்கும் தகுதி பெற வேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவை இவற்றைப் புதுப்பிப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

உப்பலுக்கு மீண்டும் வருவோம். உப்பல் கலான் நகராட்சி 2007இல் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் குடியிருப்புகளாயின. உழவருக்காக எழுப்பிய கரைகளின் கீழே இன்று நகரவாசிகள் வாழ்கின்றனர்.

2020 அக்டோபர்

2020 அக்டோபர் 13ஆம் நாள் தொடங்கிய மழையில், உப்பலுக்குக் கிழக்கே கட்கேசர் பகுதியில் 24 மணி நேரத்தில் 32 செ.மீ. பதிவாயிற்று. 1908இல் ஷம்ஷாபாத்தில் பெய்த 12.8 அங்குலம் ஏறத்தாழ இதே அளவுதான். 112 ஆண்டுகளுக்குப் பின் அதே மழை, அதே பருவ இறுதியில், நிரம்பிய ஏரிகளின் மேல் பெய்தது. நகரின் தெற்கே பல்லெ செருவு, அப்பா செருவு ஆகியவற்றின் கரைகள் உடைந்தன. சில நாட்களில் குர்ரம் செருவும் உடைந்தது. நீர் சென்ற வழி பழைய மறுகால் வழியே. அவ்வழியில் வீடுகள் நின்றன.

இத்தகைய ஏரிகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு எவருடையது என்பது தெளிவாக வேண்டும். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுடையவற்றில் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். ஊரக ஏரிக்கரைகளில் மிகப் பெரும்பாலானவை அதனினும் தாழ்ந்தவை. 1908இல் உடைந்தது போன்ற ஏரிக்கரைகளில் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருபவை மிகச் சிலவாகவே இருக்கும். உயரத்தைக் கொண்டு ஆபத்தை அளப்பது பேரணைகளுக்குப் பொருந்தும். 5 மீட்டர் கரையின் கீழே 500 வீடுகள் இருப்பின் அளவுகோல் வேறாக இருக்க வேண்டும். கரையின் உயரத்துடன், கீழே வாழ்வோரின் எண்ணிக்கையையும், சங்கிலியில் அந்த ஏரிக்குக் கீழே எத்தனை ஏரிகள் உள்ளன என்பதையும் சேர்த்து ஒவ்வொரு மாவட்டத்திலும் பட்டியல் எடுப்பது இயலாத பணி அன்று. ஏரிகளின் அளவு, கொள்ளளவு, ஆயக்கட்டு ஆகிய விவரங்கள் நீர்ப்பாசனத் துறைகளிடம் முன்பே உள்ளன.

முன்னாளில் தெலங்கானாவில் நீரடி என்போரும், தமிழகத்தில் நீர்க்கட்டி, மடையன் என்னும் பெயர்களுடையோரும் மழை இரவில் கரையின் மேல் விளக்கேந்தி நடந்தனர். எலி வளை, நண்டுத் துளை, கலங்கிய கசிவு, அடைபட்ட கலிங்கு ஆகியவற்றை முதலில் கண்டவர்கள் அவர்களே. அவர்களுக்கு ஊர் விளைச்சலில் பங்கு தந்தது. விளைச்சல் நின்ற இடத்தில் பங்கும் நின்றது. பங்கு நின்ற இடத்தில் நடையும் நின்றது. 2015இல் தெலங்கானா அரசு தொடங்கிய மிஷன் காகதியா திட்டம் 46,000க்கு மேற்பட்ட ஏரிகளைச் சீரமைப்பதை இலக்காகக் கொண்டது. தூரும் கரையும் மதகும் அதில் கவனம் பெற்றன. கரையில் நடப்பவர் பணியிடத்தைச் சீரமைப்பது அத்தகைய மூலதனச் செலவில் அடங்குவதில்லை. ஆண்டுதோறும் வேண்டிய சிறு தொகைக்கு நிதிநிலை அறிக்கையில் இடம் கிட்டுவது, ஒருமுறை வேண்டிய பெருந்தொகைக்கு இடம் கிட்டுவதினும் கடினம்.

காலி இடத்தின் விலை

ஏரியில் வெள்ளத்துக்கென இடம் விடுவதானால், யாரோ ஒருவர் நீரை இழக்க வேண்டும். மேலே கூறிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு 5 ஹெக்டேர் எனில், 39,200 கன மீட்டருக்கு இடம் விட ஏறத்தாழ 78 செ.மீ. ஆழத்தைக் காலியாக வைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ 12,000 கன மீட்டர் நீர் வேண்டும் எனக் கொண்டால், காலியாக விட்ட இடத்தின் விலை 3 ஹெக்டேருக்கு மேற்பட்ட நெல், அதாவது 8 ஏக்கர். அந்த 8 ஏக்கர் பெரும்பாலும் ஆயக்கட்டின் கடைமடையில் உள்ள சிறு உழவருடையதாகவே இருக்கும். கீழே 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடியிருப்பின் பாதுகாப்புக்காக அவர் விளைச்சலை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிடுவது எளிது. ஈடு தராத ஆணை மழை இரவில் ஒரு முழ மண்ணால் அடைபட்டுவிடும்.

இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, முழு இடத்தையும் பருவம் முழுவதும் காலியாக வைக்காமல், கலிங்கின் ஒரு பகுதியை அரை மீட்டர் தாழ்த்தி, கதவற்ற குறுகிய வாயாக அமைப்பது. மழைக்காலம் முடியும் நாளை மாவட்ட நிர்வாகமும் ஆயக்கட்டுதாரரும் கூடி முடிவு செய்து, அன்று பலகையிட்டு மூடலாம். தெலங்கானாவில் அந்த நாள் அக்டோபர் பிற்பகுதியாகவும், வடகிழக்குப் பருவமழையை நம்பிய தமிழகத்தில் டிசம்பர் இறுதியாகவும் அமையும். மற்றொன்று, இழந்த நீருக்கு நிலத்தடியில் ஈடு தேடுவது. ஏரியில் தேங்கிய நீரில் ஒரு பகுதி கரைக்குக் கீழேயுள்ள கிணறுகளுக்குச் செல்கிறது. கருங்கல் பாறைப் பகுதிகளில் நீர் எவ்வாறு ஊறுகிறது என்பதைப் பற்றி உப்பல் சாலையில் 1961 முதல் இயங்கி வரும் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நெடுங்காலம் ஆய்ந்துள்ளது. பாறையின் சிதைந்த மேலடுக்கும் அதன் வெடிப்புகளுமே இங்கு நீரைத் தாங்குகின்றன. அவற்றின் கொள்ளளவு வரம்புடையது. எல்லா ஏரிக்கும் இந்த ஈடு ஒரே அளவில் கிட்டாது.

நகரை ஒட்டிய ஏரிகளில் நிலைமை தலைகீழாக உள்ளது. அங்கே நீரைக் கேட்கும் ஆயக்கட்டு இல்லை. ஆகவே அவை வெள்ளத்துக்கென்றே முழுவதும் ஒதுக்கத்தக்கவை. ஒக்லஹோமாவின் அணைகளைப் போல் காலியாக நிற்கத்தக்கவை. ஆயினும் அவை ஆண்டு முழுவதும் நிரம்பியே உள்ளன. வீடுகளின் கழிவுநீர் நாள்தோறும் வந்து சேர்வதே காரணம். கோடையில் வற்ற வேண்டிய ஏரி வற்றுவதில்லை. ஜூன் மாதத்து முதல் மழைக்கே கலிங்கு வழிகிறது. நல்ல செருவை ஒட்டிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்துள்ளது. சுத்திகரித்த நீரை ஏரிக்குள் விடாமல் கலிங்குக்குக் கீழே விடுவதா, ஏரியிலேயே விட்டு நீர்ப்பரப்பைக் காப்பதா என்பது இத்தகைய ஏரிகள் எல்லாவற்றிலும் எழும் வினா. அழகிய நீர்ப்பரப்பையும் நடைபாதையையும் விரும்பும் நகரவாசி ஏரி நிரம்பியிருக்க வேண்டும் என்பார். மறுகால் வழியில் குடியிருப்பவர் அது பாதியாவது காலியாக இருக்க வேண்டும் என்பார். பருவத்துக்கு முன் நீர்மட்டத்தை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதைக் கலிங்கில் ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டுக்கு மதகைத் திறக்கும் பொறுப்பைப் பெயர் குறித்து ஓர் அலுவலரிடம் ஒப்படைப்பதே இதில் முதற்படி. மதகின் திருகு துருவேறாமல் சுழல்கிறதா என்பதை மே மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும்.